சிப்பித்துறையில் மூன்று ஏழு

உடைக்க வந்த கப்பல் ஒன்றின் சாமான்களோடு ஏலத்தில் வந்து சேர்ந்த ஜாக்பாட் மிஷினை, அதாவது காசு போட்டுக் கைப்பிடியை இழுத்தால் மூன்று சக்கரங்கள் சுற்றி நின்று மூன்றிலும் ஒரே படம் வந்தால் காசைக் கொட்டுகிற பெட்டியை, பழைய இரும்புக்கடை சிக்கந்தர் உள்ளே இருக்கும் பித்தளைக்காக காஸ் கட்டர் வைத்து அறுத்த செவ்வாய்க்கிழமைக்கு மறுநாள், சிப்பித்துறையில் பல் துலக்க எழுந்தவர்களின் வலது உள்ளங்கையில் ஆளுக்கொரு படம் இருந்தது. சிலருக்கு எலுமிச்சை, சிலருக்கு மணி, சிலருக்குச் சிவப்பாக ஒரு பழம், சிலருக்குக் கறுப்புப் பட்டையில் பார் என்று ஆங்கில எழுத்து, மிகச் சிலருக்கு ஏழு. சோப்புப் போட்டார்கள், போகவில்லை. மண்ணெண்ணெய் போட்டார்கள், போகவில்லை. மீன் ஏலத்துக்கு நேரமாகிவிட்டதால் அப்படியே போனார்கள். மறுநாள் விடிந்தபோது பழைய படம் தானாகப் போய்ப் புதியது வந்திருந்தது, அதற்கு மறுநாளும் அப்படியே, ஒரு வாரத்துக்குள் ஊர் பழகிவிட்டது. சாப்பிட்டாச்சா என்று கேட்பதற்கு முன்னால் இன்றைக்கு என்ன கை என்று கேட்டுக்கொள்வது வழக்கமாயிற்று.

எல்லோர் கையிலும் படம் வந்தது என்றுதான் ஊர் சொன்னது. ரேஷன் கடை எடைக்காரர் கஸ்பாருக்கு மட்டும் பாதி நாள் ஒன்றும் வரவில்லை. எலுமிச்சையோ மணியோ வந்த நாள் போக, மற்ற நாளெல்லாம் அரிசித் தூசி படிந்த வெறும் கைதான். மூட்டை தூக்குகிறவனின் கையை ஒளிக்க முடியாது என்பதால் ஊருக்கே அது தெரிந்திருந்தது.

மூன்று பேர் ஒரே கோட்டில் நின்று மூவர் கையிலும் ஒரே படம் இருந்தால் பலன் உண்டு என்பதை மீன் ஏலக்கூடத்தில் முதலில் கண்டார்கள். எலுமிச்சைக் கைகளோடு மூன்று பெண்கள் கூடைக்குப் பின் கூடையாக நின்றார்கள், அவரவர் வீட்டுக்குப் போய்ப் பார்த்தபோது ஊறுகாய்ச் சாடிகள் கழுத்துவரை நிரம்பியிருந்தன. அதன்பின் எலுமிச்சை அடிக்கடி விழுந்தது, ஊரே எலுமிச்சைச் சோறு தின்று அலுத்தது. மூன்று மணி சேர்ந்தால் அந்த மூவர் சொல்வதை மூன்று நாளைக்கு எல்லோரும் கேட்பார்கள். பதினாறு வருஷமாக மாமியார் வீட்டில் வாய் திறக்காத மருமகள் ஒருத்தி அந்த மூன்று நாளில் சாக்கடைக்கு மூடி போட வைத்து, கொழுந்தனைத் தனிக்குடித்தனம் அனுப்பி, மீண்டும் வாயை மூடிக்கொண்டாள். மூன்று பார் சேர்ந்தால் ஒரு சொட்டுக் குடிக்காமல் மூன்று நாள் போதை. அது மாதா சபைத் தலைவிக்கும், அவருடைய மதனிக்கும், விசாரிக்க வந்த உபதேசியாருக்கும் ஒன்றாக விழுந்ததால் அந்த ஞாயிறு பூசையில் பாட்டு நன்றாக இருந்தது. சிவப்புப் பழம் பேக்கரி கேக்கின் தலையில் வைப்பது என்று அடையாளம் கண்டார்கள். அது ஒன்று மட்டும் தனியாக வந்தாலே சின்ன லாபம் உண்டு, அன்றைக்கு பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கும்.

ஏழு ஒரே ஒரு முறைதான் சேர்ந்தது. முதல் வாரத்தில், பேருந்து நிறுத்தத்தில், மூன்று ஏழு. தொலைந்தது திரும்பி வந்தது. கொத்தனார் ஒருவருக்குப் பதினெட்டு வயதில் விழுந்த முன்பல் வந்தது. தையல்காரி ஒருத்திக்கு ஒரு வெள்ளிக் கொலுசு. வலைக்காரர் சூசைக்கு, அவர் கைக்குழந்தையாக இருந்தபோது கொழும்புக்குத் தோணியில் போன அப்பா, போன வயதிலேயே, முப்பத்தொன்றில், ஈர வேட்டியோடு வந்து வாசலில் நின்றார். சூசைக்கு வயது ஐம்பத்தெட்டு. குடும்ப அட்டையில் தந்தை என்றும் வயது முப்பத்தொன்று என்றும் போட்டால் கம்ப்யூட்டர் ஏற்காததால் தாலுகாவில் அவரை மகன் என்று சேர்த்துக் கொடுத்தார்கள். இப்போது அவர் சூசையின் படகில் வேலை பார்க்கிறார், சூசை சொன்னபடி கேட்கிறார், மாலையில் மட்டும் பீடிக்காக சூசையை அடிக்கிறார்.

அந்தச் செய்தி கேட்ட நாளில் கஸ்பாரின் மனைவி சலேத்தம்மாள், கழுவிக்கொண்டிருந்த பாத்திரத்தை வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள். கஸ்பார் சுவரைப் பார்த்தார். இருவருக்கும் தொலைந்தது ஒன்றுதான், அவர்கள் மகன் நெவில்.

நெவில் தொலைந்த கதை ஊருக்கே தெரியும். ஆறு வருஷத்துக்கு முன்னால், பாலிடெக்னிக் முடித்து வந்த புதிதில், அவன் ஏலக்கூடத்திலிருந்து ஒரு கொக்கித் தராசைக் கொண்டுவந்து, ரேஷன் வரிசை முழுக்கப் பார்த்திருக்க, அப்பா நிறுத்துக் கட்டிய இருபது கிலோ அரிசிப் பையை அதில் மாட்டித் தூக்கிப் பிடித்து, "அப்பா, எடை குறையுது" என்றான். கஸ்பார் அவனை அறைந்து, "ஒன் தராசு பொய்யிடா" என்றார். நான்கு மணி பஸ்ஸில் ஏறியவன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் சேர்ந்தான். அம்மாவோடு போனில் பேசுவான், வர மாட்டான். எடை குறைஞ்சுதுன்னு அப்பா ஒரு தடவை எங்கிட்டச் சொல்லட்டும், அடுத்த பஸ்ஸில் வாரேன் என்று சொல்லியனுப்பியிருந்தான். எடை குறைந்தது என்று எடைக்காரன் வாயாலேயே வந்தால் வேலை போகும், வேலை போகாவிட்டாலும் மானம் போகும் என்று கஸ்பார் ஆறு வருஷமாகச் சொல்லவில்லை. இப்போது, ஒரு வார்த்தையும் பேசாமல், மூன்று பேர் ஒரு கோட்டில் நின்றாலே மகன் வாசலில் வந்து நிற்பான் என்றால், அதற்காகக் காத்திருப்பதில் அவருக்கு ஒரு சிரமமும் இருக்கவில்லை.

ஊரும் ஏழுக்குத்தான் காத்திருந்தது, தொலைக்காத வீடு எது? முதலில் ஏழு வந்தவர்களைத் தேடிப் பிடித்துக் கோவில் மைதானத்தில் கயிறு கட்டி வரிசையில் நிறுத்தினார்கள். ஒன்றும் நடக்கவில்லை. கிழக்கே பார்த்து நிறுத்தினார்கள், பாதிரியாரை மந்திரிக்கச் சொன்னார்கள், அவர் மந்திரிக்க மறுத்து, தமக்கு ஏழு வந்த அன்றைக்கு மட்டும் தாமும் வந்து நின்றார். வேண்டுமென்று நின்றால் விழாது, தற்செயலாக நின்றால்தான் விழும் என்பது புரிய இரண்டு மாதம் ஆனது. அதிலிருந்து ஒரு பழக்கம் வந்தது: தினமும் மாலை ஐந்து முதல் ஆறு வரை ஊர் முழுவதும் வேலையைப் போட்டுவிட்டுத் தெருவில் இறங்கி நோக்கமில்லாமல் நடக்க வேண்டும், எங்கே போகிறீர்கள் என்று யாரும் யாரையும் கேட்கக் கூடாது, கேட்டால் அபராதம் ஐம்பது ரூபாய். சிப்பித்துறைக்காரர்கள் எந்த வேலையையும் அரைகுறையாகச் செய்கிறவர்கள் அல்ல. நோக்கமில்லாமல் நடப்பதையும் வியர்க்க வியர்க்க நடந்தார்கள்.

அப்படி நடந்த ஒரு மாலையில் ஐஸ் பிளான்ட் முன்னால் இரண்டு ஏழுகள் ஒரே கோட்டில் வந்து, மூன்றாவதாக அந்தக் கோட்டில் கஸ்பார் நின்றார். அவருக்கு ஓரடி பின்னால், நுங்கு விற்கிறவள் கையில் மூன்றாவது ஏழு இருந்தது. கூட்டம் நின்றுவிட்டது. ஒருவர் அழுதார்.

"ஓரடி, ஒரே அடி! நீரு கொஞ்சம் மெதுவா வந்திருந்தா என்னவே?" என்றார் சூசை.

"நோக்கமில்லாமத்தானேவே வந்தேன்," என்றார் கஸ்பார்.

"வெறுங்கைய வச்சிக்கிட்டு நடுவுல எதுக்கு வாரீரு? எங்க அப்பன் வந்துட்டான், எங்க ஆத்தா வர வேண்டாமா?"

சூசையின் அப்பா, சூசையைவிட வேகமாகத் தலையாட்டினார்.

அந்த வாரமே ஊர்க்கூட்டம் போட்டு, வெறுங்கை உள்ளவர்கள் சாலையின் கடல்பக்கமாக மட்டும் நடக்க வேண்டும், மற்றவர்களுக்கு நேராக வரக் கூடாது என்று தீர்மானித்தார்கள். வெறுங்கை உள்ளவர் என்று அறியப்பட்டவர் ஒருவர்தான் என்பதால் தீர்மானம் பன்மையில் இருந்தது ஒரு மரியாதை. ஆதரிப்பவர்கள் கை தூக்கச் சொன்னபோது எல்லோரும் தூக்கினார்கள், இடது கையை.

இடது கை ஏன் என்பது கஸ்பாருக்கு மட்டும் தெரியும். மீன் அறுத்து, கருவாடு புரட்டி, உப்பு அள்ளித் தேய்ந்த விரல்களில் ரேகை இருப்பதில்லை. ரேஷன் கடையில் கைரேகை மிஷின் அந்த விரல்களை ஏற்காமல் கத்தும், அப்போது கஸ்பார்தான் ஈரத்துணியால் கையை நன்றாகத் துடைத்து, மணிக்கட்டைப் பிடித்து, விரலை அழுத்தி வைப்பார். படங்கள் வந்த இரண்டாவது மாதமே அவருடைய ஈரத்துணி மஞ்சளாயிற்று. பிறகு சிவந்தது. பிறகு கறுத்தது. எலுமிச்சையை மஞ்சள் பொடியில் வரைந்திருந்தார்கள், பழத்தை மருதாணியில், பாரைத் தேர்தல் மையைப் போன்ற ஏதோ மையில். துடைத்தால் கீழே ஒன்றுமே இல்லை. வரிசையில் நூறு பேர் நின்றால் ஐம்பது பேர் வெறுங்கை. முதல் நாள் துணியில் சாயம் இறங்கியபோது, கருவாட்டுக்காரி ரோணிக்கம் கையை உருவிக்கொள்ளாமல் அவர் முகத்தையே பார்த்தாள். கஸ்பார் துணியை மடித்து மறுபக்கம் திருப்பிக்கொண்டு, "அடுத்து" என்றார். அவ்வளவுதான் அவர்களுக்குள் பேச்சு. அவர் யாரிடமும் சொல்லவில்லை. எடையைப் பற்றி அவர்கள் யாரும் மேலதிகாரிக்கு எழுதிப் போடவில்லை என்பதையும் அவர் நினைத்துப் பார்த்திருந்தார்.

ஆனால் சலேத்தம்மாளுக்கு மாதத்தில் நாலைந்து முறை ஏழு வந்தது. அடுக்களை வாசலில் நின்று கையை விரித்துக் காட்டுவாள், "நெவிலப்பா, இன்னைக்கும் ஏழு." ஊரே அதை ராசி என்றது. அதனால் கஸ்பார் அவளுக்கு நேராக வருவதை விட்டார். அவள் தெருவின் இந்தப் பக்கம் நடந்தால் இவர் கடல்பக்கம். அவள் வீட்டுக்குள் சாப்பிட்டால் இவர் முற்றத்தில். அவள் அரிசி வாங்க வரும் நாளில், விற்பனையாளர் வேல்மயில் அவள் விரலை வாங்க, இவர் பின்னால் குடோனுக்குள் போய் மூட்டைகளுக்கு நடுவில் நிற்பார். மகனுக்காகத் தான் செய்கிற காரியம் இது என்று மாதக்கணக்காக அவர் நம்பினார்.

படங்கள் வந்து எட்டாவது மாதம், பொறுக்காமல் சிக்கந்தர் கடைக்குப் போனார். அறுத்த மிஷினில் ஒரு சக்கரம் மட்டும் விற்காமல் கிடந்தது, சிக்கந்தர் அதைத் தராசுப் படிகளுக்கு மேல் வைத்திருந்தார்.

"எட்டு மாசம் ஆச்சுவே. ஏழு ஒரு தடவைதான் விழுந்திருக்கு. இனி வந்துதானே ஆகணும்? எவ்வளவு நாள்தான் வராம இருக்கும்?"

"மொதல்ல இத எண்ணும்," என்றார் சிக்கந்தர்.

கஸ்பார் எண்ணினார். சக்கரத்தில் இருபத்திரண்டு கட்டம். எலுமிச்சை நாலு, மணி மூணு, பழம் ரெண்டு, பார் ஒண்ணு, ஏழு ஒண்ணு. மீதி பதினொன்றும் வெள்ளை. பாதிக்குப் பாதி. அவருக்கு ஆச்சரியமாக இல்லை, துணியில் பார்த்த கணக்குத்தான்.

"மத்த ரெண்டு சக்கரமும் இதே மாதிரிதான் இருந்துச்சு," என்று சிக்கந்தர் கால்குலேட்டரை எடுத்தார். "இருபத்திரெண்ட இருபத்திரெண்டால பெருக்கி, அதையும் இருபத்திரெண்டால. பத்தாயிரத்து அறுநூத்தி நாப்பத்தெட்டு. அதுல ஒரு தடவை மூணு ஏழு."

"சரி, அப்ப எட்டு மாசத்துல கொஞ்சம் கழிஞ்சிருக்குமே."

"எங்கவே கழியும்? இதச் சுத்தும்." கஸ்பார் சுற்றினார். எலுமிச்சையில் நின்றது. "இன்னொரு தடவை. நீரு இப்பச் சுத்தினது அதுக்கு ஞாபகம் இருக்கா? போன தடவை எலுமிச்சை குடுத்தமே, பாவம் இந்த மனுஷன், இப்ப ஏழு குடுப்போம்னு நினைக்குமா? அதுக்கு நேத்துன்னு ஒண்ணு கிடையாதுவே. சுத்தும், நிக்கும், மறந்துரும். ஐஸ் பிளான்ட் முன்னால ஓரடியில போச்சுன்னு அழுதீங்களே, அந்த ஓரடியும் ஒண்ணுதான், ஒரு மைலும் ஒண்ணுதான்."

கஸ்பார் சக்கரத்தை மறுபடி சுற்றினார். வெள்ளையில் நின்றது.

"ஒரு வார்த்தையில முடியிற காரியம்," என்றார் சிக்கந்தர். "அத விட்டுட்டு பத்தாயிரத்துல ஒண்ணுக்கு நிக்கீரு."

"எடையப் பத்தி இரும்புக்கடைக்காரன் பேசக் கூடாதுவே."

"நான் எடையப் பத்திப் பேசவே இல்லையே," என்றார் சிக்கந்தர்.

அந்த மாதம் சலேத்தம்மாள் அரிசி வாங்க வந்த அன்று வேல்மயில் தாலுகா அலுவலகத்துக்குப் போயிருந்தார். மிஷினையும் தராசையும் கஸ்பார் ஒருவரே பார்த்தார். வரிசையில் முப்பது பேர். காலையில் அடுக்களை வாசலில் அவள் ஏழு காட்டியிருந்தாள், அதனால் அவள் முறை வந்ததும் அவர் கொஞ்சம் பக்கவாட்டில் ஒதுங்கி, கையை மட்டும் நீட்டி மிஷினை அவள் பக்கம் தள்ளினார். அவள் விரலை வைத்தாள். மிஷின் கத்தியது. மறுபடி வைத்தாள். கத்தியது. முப்பது வருஷம் நண்டு உடைத்த விரல்.

"தொடச்சு வைங்கண்ணே, வெயில்ல நிக்கோம்லா," என்றாள் அவளுக்குப் பின்னால் நின்ற ரோணிக்கம்.

கஸ்பார் ஈரத்துணியை எடுத்தார். மனைவியின் மணிக்கட்டை அவர் பிடித்து ஐந்தாறு மாதம் ஆகியிருந்தது. துடைத்தார். ஏழின் மேல்கோடு துணியோடு வந்தது. இன்னொரு முறை துடைத்தார், கால் வந்தது. மருதாணியும் சாந்துப் பொட்டும் கலந்த சிவப்பு. கீழே அவளுடைய கை இருந்தது, கத்தி பட்ட தழும்புகளோடு, வேறு ஒன்றும் இல்லாமல்.

அவர் துணியை மறுபக்கம் திருப்பவில்லை.

"எத்தன நாளா?" என்றார், உதடு அசையாமல்.

"மொதல்ல இருந்தே. மணி வந்திருக்கு. எலுமிச்சை வந்திருக்கு. ஏழு வந்ததே இல்ல."

"பின்ன எதுக்கு?"

சலேத்தம்மாள் வரிசையைத் திரும்பிப் பார்த்தாள், பிறகு குரலைத் தாழ்த்தாமலேயே சொன்னாள். "அவனுக்காக நீங்க ஒண்ணும் செய்யல, நெவிலப்பா. நான் ஏழுன்னு சொன்னதும் தெருவத் தாண்டி அந்தப் பக்கம் போய் நடந்தீங்க. அதையாவது செய்யுதீங்களேன்னு பாத்தேன். ஏழு இல்லன்னு சொல்லிட்டா அந்த நடையும் நின்னுரும்லா."

ரோணிக்கம் முந்தானையில் கையை மூடிக்கொண்டாள். அவளுக்குப் பின்னால் வரிசை நெடுகக் கைகள் மூடிக்கொண்டன. கஸ்பார், சலேத்தம்மாள், ரோணிக்கம் என்று மூன்று வெறுங்கைகள் ஒரே கோட்டில், யாரும் ஏற்பாடு செய்யாமல் நின்றன. கஸ்பார் ஒரு கணம் கூரையைப் பார்த்தார். ஒன்றும் விழவில்லை, கடையில் இதுவரை எந்த நாளும் விழாதது போலவே. பாதிக்குப் பாதி வெள்ளை என்றால் எட்டில் ஒரு தடவை அமைகிற சேர்க்கை இது, இதற்கு ஏதாவது பலன் இருந்தால் அரிசி நிறுக்க இடமில்லாமல் போயிருக்கும் என்று அவருக்குத் தோன்றியது.

"போன் இருக்கா?" என்றார்.

அவள் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். அவருக்கு எண் தெரியாது. அவள் பார்க்காமலே அழுத்திக் கொடுத்தாள்.

"அண்ணே, அரிசிய..." என்று வரிசையின் கடைசியில் யாரோ ஆரம்பித்தார்கள்.

"சும்மா கெடடி," என்றாள் ரோணிக்கம், திரும்பாமலே.

போன் நாலு தடவை அடித்ததும் நெவில் எடுத்தான். பின்னால் பனியன் பின்னுகிற மிஷின் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. "என்னம்மா, இந்நேரத்துல?"

"அம்மா இல்ல. நான்."

கஸ்பார் தராசைப் பிடித்துக்கொண்டார். அவர் பிடித்ததால் முள் இரண்டு கிலோ காட்டியது.

"எடை குறைஞ்சுதுதான்ல," என்றார்.

முப்பது பேரும் கேட்டார்கள். யாரும் ஆச்சரியப்பட்டதாகத் தெரியவில்லை. ஒரு பெண் இடுப்புக் குழந்தையை மறுபக்கத்துக்கு மாற்றினாள்.

"எங்க நின்னு பேசுறீங்க?" என்றான் நெவில்.

"கடையில."

"ஆளு நிக்கா?"

"முப்பது பேரு நிக்காங்க."

"எவ்வளவு குறைஞ்சுது?"

"இருபதுக்கு ஒன்றரை," என்றார் கஸ்பார்.

"ரெண்டுப்பா."

"ரெண்டேகால்," என்றாள் ரோணிக்கம். "வீட்டுல போய் நிறுத்துப் பாத்திருக்கேன்."

கஸ்பார் அவளைப் பார்த்தார், வரிசையைப் பார்த்தார். பலர் தலையாட்டினார்கள். அவர் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டார்.

"ரெண்டேகாலாம்ல. இங்க சொல்லுதாங்க."

அந்தப் பக்கம் யாரோ மிஷினை நிறுத்தும் சத்தம் கேட்டது.